கரிசல் நிலத்துப் பெட்டிகளும் கூடைகளும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் பனையோலை, பனைநார், மூங்கில், பருத்திமார், மர விளார் முதலியவற்றால் பெட்டியும் கூடையும் முடைவது நெடுங்காலமாக இருந்துவரும் கைத்தொழில். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை இது. வீட்டுத் தேவைக்கும் உழவுத் தேவைக்கும் சந்தை விற்பனைக்குமாக முடையப்பட்ட இப்பொருட்கள், 20ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் பெரும்பாலான வீடுகளிலிருந்து மறைந்தன.

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் நினைவுக்கு வரும். இலக்கிய வாசகர்களுக்கு இடைசெவலும் கி. ராஜநாராயணனும் நினைவுக்கு வருவார்கள். ஓலைப்பெட்டி அந்த வரிசையில் இல்லை. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் தொழிற்சாலைக் கணக்கு உண்டு, வணிகர் சங்கம் உண்டு, வரி ஆவணம் உண்டு. பெட்டி முடைந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் இருந்ததில்லை.

நிலமும் மூலப்பொருளும்

கரிசல் மண் ஈரத்தில் உப்பி ஒட்டும், காய்ந்தால் ஆளின் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். ஆண்டு மழை 700 மி.மீ. அளவிலேயே பெய்கிறது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாத வடகிழக்குப் பருவமழை. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவை மானாவாரியாக விளைந்தன. இந்த மண்ணையும் அதன் பயிர்களையும் ஆராய 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆய்வுப் பண்ணை தொடங்கப்பட்டது. இன்றும் அது இயங்குகிறது.

பனை இந்த நிலத்தின் நடுப்பகுதியில் அடர்ந்து நிற்கும் மரம் அன்று. ஓடைக்கரை, கண்மாய்க்கரை, செவலும் கரிசலும் கலக்கும் விளிம்பு என ஆங்காங்கே வரிசையாக நிற்கும். கிழக்கே வேம்பார், குளத்தூர்ப் பக்கம் போகப் போகப் பனை கூடும். தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பகுதியின் தேரி மணலில் பனங்காடுகளே உண்டு. ஆகவே கரிசல் ஊர்களுக்கு ஓலைப்பெட்டி இரண்டு வழிகளில் வந்தது: உள்ளூர்ப் பனையின் ஓலையில் முடைந்தவை ஒரு பங்கு, பனங்காட்டு ஊர்களிலிருந்து கருப்பட்டியோடும் கருவாட்டோடும் சந்தைக்கு வந்தவை இன்னொரு பங்கு.

பனை குறைந்த நடுக்கரிசலில் கையில் கிடைத்ததெல்லாம் கூடையானது. பருத்தி எடுத்து முடிந்தபின் பிடுங்கிய செடிதான் பருத்திமார். அது முதலில் அடுப்பெரிக்கும் விறகு. பிறகு வண்டிப் படல், தொழுவத் தட்டி, குப்பை அள்ளும் கூடை. நொச்சி விளாரும் புளிய மிலாறும் இதே வேலைக்குப் பயன்பட்டன. பச்சையாக இருக்கும்போதே வளைத்துப் பின்னிவிட வேண்டும்; காய்ந்துவிட்டால் ஒடியும். இக்கூடைகள் பார்வைக்கு முரட்டுத்தனமானவை. எருக்குழியிலிருந்து குப்பை அள்ளி வண்டியில் கொட்ட வழவழப்பான கூடை தேவையும் இல்லை.

மூங்கில் இங்கு விளையாத பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து வர வேண்டும். அதனால் மூங்கில் கூடை எப்போதும் விலை கொடுத்தோ தானியம் கொடுத்தோ வாங்கும் சரக்காகவே இருந்தது. கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம், தட்டுக்கூடை, சோறு வடிக்கும் கூடை ஆகியவை மூங்கிலில் செய்யப்பட்டன.

பெயர்கள்

சங்க இலக்கியத்தில் 'வட்டி' என்ற சொல் கூடையைக் குறிக்கிறது. மீனை வட்டியில் கொண்டுவந்து கொட்டி, அதே வட்டியில் நெல்லைப் பெற்றுச் செல்லும் பாண்மகளை ஐங்குறுநூறு காட்டுகிறது. பண்டம் மாற்றுவதற்கான கலனும் அளவையும் ஒன்றாகவே இருந்த நிலை அதில் தெரிகிறது. அச்சொல் கரிசல் வழக்கில் இல்லை. இங்கு நிலைத்தவை பெட்டி, கடகம், கொட்டான், கூடை, சொளகு ஆகியவை. பேச்சில் பெட்டி 'பொட்டி'யாகும், கடகப்பெட்டி 'கடாப்பெட்டி'யாகும்.

கொட்டான் சிறியது, குழந்தையின் மடியில் அடங்கும். கருப்பட்டி மிட்டாய், சேவு, பொரிகடலை போன்றவற்றை முன்பு கடைகளில் இதில் போட்டுக் கொடுத்தார்கள். மூடிப்பெட்டி வெற்றிலை, பணம், நகை, பத்திரம் வைப்பதற்கு. கடகம் பெரியது, இரட்டை மடிப்புக் கொண்டது, தலையில் சுமப்பது. நார்ப்பெட்டி ஓலையால் அன்றிப் பனைமட்டையின் நாரால் முடைந்தது, கரடுமுரடாக உழைப்பது. பனையேறியின் இடுப்பில் பாளை அரிவாளைத் தாங்கும் பெட்டி தனி வகை. பதநீர் குடிக்க ஓலையை மடித்துக் கட்டும் 'பட்டை' பின்னலே இல்லாத கலன்; குடித்ததும் எறிந்துவிடலாம்.

சொளகு பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூன்று பக்கம் விளிம்பு எழுந்து ஒரு பக்கம் திறந்த அந்தத் தட்டை வைத்துச் செய்யும் வேலைகளுக்குத் தமிழில் தனித்தனி வினைச்சொற்கள் உள்ளன. மேலும் கீழும் தட்டி உமியைப் பறக்கவிடுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் குருணையைப் பிரிப்பது கொழித்தல். நுண்மையான தூசியை ஒதுக்குவது தெள்ளுதல். கல்லையும் மண்ணையும் தனியே தள்ளுவது நாவுதல். ஒரே பொருளின் நான்கு அசைவுகள் இவை. அரிசியும் பருப்பும் சுத்தம் செய்யப்பட்டுப் பொட்டலமாக வரும் வீட்டில் சொளகோடு இந்த நான்கு சொற்களும் வேலையிழந்தன. கி. ராஜநாராயணன் தொகுத்த 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' 1982இல் வெளியானபோது, வட்டாரச் சொல்லைத் தொகுப்பது பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம். பொருள் மறைந்தால் சொல்லும் மறையும் என்பதற்குப் பெட்டி, கூடைச் சொற்களே போதிய சான்று.

முடையும் முறை

பனையோலையில் மூன்று பருவம் உண்டு. விரியாத இளம் ஓலை குருத்தோலை. விரிந்து பச்சையாக இருப்பது சாரோலை. காய்ந்து தொங்குவது காவோலை. நல்ல பெட்டிக்குக் குருத்தோலைதான் வேண்டும். வெயிலில் காய்ந்தால் அது வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறம் பெறும். சாரோலை முரட்டுப் பெட்டிக்கும் கடகத்தின் வெளிப்புறத்துக்கும் ஆகும். காவோலை எரிக்கவும் வேலி அடைக்கவும் தவிர வேறெதற்கும் உதவாது.

குருத்தை வெட்டி வந்து விரித்து உலர்த்துவார்கள். பிறகு ஒவ்வொரு இலக்கின் நடுவிலும் ஓடும் ஈர்க்கைக் கத்தியால் நீக்க வேண்டும். ஈர்க்கு விளக்குமாற்றுக்குப் போகும். மீதியுள்ள ஓலையைத் தேவையான அகலத்துக்கு வார்ந்து கொள்வார்கள். எல்லா வாரும் ஒரே அகலம் இருந்தால்தான் பின்னல் நெருக்கமாக விழும். அளவுகோல் கிடையாது, விரலும் கண்ணும்தான் கணக்கு. முடைவதற்கு முன் ஓலையை நனைத்துப் பதமாக்க வேண்டும். காய்ந்த ஓலை மடிக்கும் இடத்தில் வெடிக்கும்; நீர் அதிகமானால் பின்னல் காய்ந்தபின் தளரும். அதிகாலையிலும் மாலையிலும் பெட்டி முடையும் வழக்கம் இதனால் வந்தது. உச்சி வெயிலில் ஓலை கைக்கு அடங்காது.

பெட்டியின் அடி சதுரம், வாய் வட்டம். இது அழகுக்காகச் செய்தது அன்று, பின்னலின் இயல்பு. வார்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அடியைப் பின்னியபின், நான்கு மூலைகளிலும் வார்களைத் திருப்பி மேல்நோக்கிச் சாய்வாகப் பின்னுகிறார்கள். சாய்வுப் பின்னல் ஏற ஏற மூலைகள் கரைந்து சுவர் வட்டமாகும். எத்தனை வாரில் அடி தொடங்குகிறதோ அதுதான் பெட்டியின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. பாதியில் பெரிதாக்க முடியாது. விளிம்புக்கு வந்ததும் வார்களை மடக்கிக் கீழ்நோக்கித் திருப்பிச் செருகினால் இரண்டாவது சுவர் உருவாகும். கடகம் பாரம் தாங்குவது இந்த இரட்டைச் சுவரால். வாயைச் சுற்றிப் பனைநாரைப் பொத்திக் கட்டினால் விளிம்பு நைந்து போகாது. மூடிப்பெட்டிக்கு மூடியும் இன்னொரு பெட்டியே. அடிப்பெட்டியின் மேல் இறுகாமலும் கழன்று விழாமலும் அது உட்கார வேண்டும். எண் எழுதத் தெரியாத பெண்கள் செய்த இந்தக் கணக்கை வடிவியல் என்று யாரும் பெயரிட்டு அழைத்ததில்லை.

நாருக்கு வேறு பக்குவம். பனைமட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிளந்து, உட்பகுதியான அகணியையும் வெளித்தோலையும் வார்வாராக உரிப்பார்கள். பச்சை நார் விரலைக் கிழிக்கும். மட்டையின் இரு ஓரமும் ரம்பம்போலக் கருக்கு உடையது. முதலில் அதைச் சீவி எடுத்த பிறகே கை வைக்கலாம்.

சாயம் போட்ட பெட்டி திருமணத்துக்கும் சீருக்கும். சாயப்பொடி கரைத்த கொதிநீரில் ஓலையை இட்டு எடுத்து, சிவப்பும் பச்சையும் ஊதாவும் இடையிடையே கோத்துக் கட்டம் போடுவார்கள். அன்றாடப் பெட்டிக்குச் சாயம் இல்லை. மூங்கில் கூடைக்கும் சொளகுக்கும் ஓட்டை விழுந்தால் வெந்தயத்தை அரைத்து, ஊறவைத்த காகிதக் கூழோடு கலந்து பூசிக் காயவைப்பார்கள். அதன்பின் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

உழவிலும் வீட்டிலும்

புரட்டாசி, ஐப்பசியில் விதைப்புக்கு விதை சுமந்தது பெட்டி. தை, மாசியில் கதிர் கொய்து போட்டது பெட்டி. களத்தில் பொலி அள்ளியது கடகம், தூற்றியது சொளகு. கூலியாகத் தானியம் வாங்கிய பெண் அதைக் கொண்டுபோனதும் தன் பெட்டியில்தான். கூலி பெறும் பெட்டி சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்று வேலைக்காரியும், சிறிதாக இருக்க வேண்டும் என்று நிலக்காரரும் விரும்பியது இயல்பு. கையால் முடைந்த கலனுக்கு முத்திரை அளவு கிடையாது. மரக்காலும் படியும் இருந்த இடத்தில்கூடப் பெட்டிக் கணக்கு முழுதாக ஒழியவில்லை.

மண் சுமந்ததும் கூடையே. கண்மாய் மராமத்து, கிணறு வெட்டு, சாலை, ரயில் பாதை எல்லாம் மண்வெட்டியும் கூடையும் செய்தவை. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் ரயில் பாதை 1876இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. இரும்புச் சட்டி பரவலாக வராத காலத்தில் இவ்வளவு மண்ணும் எத்தனை கூடைகளைத் தேய்த்திருக்கும் என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

வீட்டுக்குள் பெட்டியின் வேலை காற்றோட்டம் தருவது. ஓலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மெல்ல வெளிவிடும். கருப்பட்டியைத் தகரத்தில் அடைத்தால் கசியும்; ஓலைப்பெட்டியில் இட்டு அடுப்புப் புகைபடும் பரணில் வைத்தால் அடுத்த பருவம் வரை கெடாது. இதே காரணத்தால் சேவும் கருவாடும் ஓலைக்குள் நன்றாக இருந்தன. பிளாஸ்டிக் பையில் வியர்த்துப்போகும் பண்டம் ஓலைக்கொட்டானில் மொறுமொறுப்பாக இருப்பதைப் பார்த்தவர்கள் இன்றும் பழைய கொட்டானை நினைத்துச் சொல்வார்கள்.

முடைந்தவர்கள்

பனங்காட்டு ஊர்களில் ஓலை வேலை பனையேறிக் குடும்பத்துப் பெண்களின் கையில் இருந்தது. கணவன் மரமேறிப் பதநீர் இறக்க, மனைவி அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி, இடைப்பட்ட நேரத்தில் பெட்டி முடைவாள். பதநீர்ப் பருவம் முடிந்த மாதங்களில் அதுவே கைச்செலவுக்கு வழி. கரிசல் ஊர்களில் பல சாதிகளைச் சேர்ந்த கூலிப் பெண்களும் தம் வீட்டுக்கு வேண்டியதை முடைந்துகொண்டனர்.

பனையேறிகளைப் பற்றி ராபர்ட் கால்டுவெல் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற ஆங்கில நூல் 1849இல் வெளிவந்தது. அச்சமூகத்தை அந்நூல் சித்திரித்த விதம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அவர் மனைவி எலிசா கால்டுவெல் இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் கடல்கடந்து விற்றது, திருச்சபை வரலாறுகளில் இடமும் பெற்றது. லேஸ் கற்க வந்த பெண்களின் விரல்களுக்கு ஓலைப் பின்னல் முன்பே பழக்கம் என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆனால் தாயிடமிருந்து மகள் கற்ற வேலைக்குத் தொடக்க ஆண்டும் இல்லை, நிறுவியவர் பெயரும் இல்லை.

மூங்கில், ஈச்சங்கூடை வேலையில் குறவர் சமூகத்தவர் முக்கியமானவர்கள். கூடை, முறம், துடைப்பம் செய்து ஊர் ஊராகச் சென்று விற்றதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகளில் பதிவு செய்துள்ளார். இரண்டே ஆண்டுகளில், 1911ஆம் ஆண்டின் குற்றப்பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பிரிவுகள் பல அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. பெயர் பதிவு, காவல் நிலையத்தில் ஆஜர், அனுமதியின்றி ஊர் மாறத் தடை ஆகியவை அலைந்து விற்கும் தொழிலின் அடிமடியிலேயே கைவைத்தன. கூடை விற்பவருக்கு நடமாட்டமே கடை. சட்டம் மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. ஊர்க்காரர்களின் சந்தேகப் பார்வை அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. கைவினை மரபு என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவதன் ஒரு பகுதி, குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் கையில் வளர்ந்தது என்பதைக் கைவினைக் கண்காட்சிப் பலகைகளில் காண்பது அரிது.

ஓலையும் பனையேற்றமும்

பனையின் பயன்கள் 801 என்று 'தால விலாசம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் பட்டியலிடுவதாக, 1850இல் இலங்கையிலிருந்து பனை பற்றி எழுதிய வில்லியம் பெர்குசன் குறிப்பிட்டார். அந்த எண் இன்றுவரை மேடைகளில் சொல்லப்படுகிறது. எண்ணைவிட முக்கியமானது ஒன்று உண்டு: இப்பயன்கள் தனித்தனியானவை அல்ல, ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை. பதநீருக்காக மரமேறுகிறவர் ஓலை கழிக்கிறார், ஓலை பெண்ணுக்குப் பெட்டியாகிறது, மட்டை நாராகிறது, பத்தையிலிருந்து எடுக்கும் தும்பு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பியத் தூரிகை ஆலைகளுக்குப் போனது. நடுவில் இருக்கும் மரமேறி விலகினால் மற்றவை சரியும்.

அப்படியே நடந்தது. தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை நிலவுகிறது. பதநீர் இறக்க அனுமதி உண்டு என்றாலும், உரிமம், சோதனை, காவல்துறைக் கெடுபிடி ஆகியவற்றுக்கு அஞ்சி ஏறுவதையே பலர் விட்டனர். உயிருக்கு ஆபத்தான, சாதி இழிவும் சுமத்தப்பட்ட அந்த வேலையைத் தம் பிள்ளைகள் செய்ய வேண்டாம் என்று பனையேறிகளே நினைத்ததும் உண்மை. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வருமானம் தராத மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போயிற்று.

வடலி எனப்படும் இளம்பனையின் குருத்தைத் தரையில் நின்றே வெட்டலாம், மரமேறி தேவையில்லை என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அது சரியே, இன்றும் ஓலை பெருமளவு வடலியிலிருந்துதான் வருகிறது. ஆனால் பயன்தர 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் மரத்தை, பிற்காலத்தில் ஏற ஆள் இல்லை என்று தெரிந்தபின் யாரும் காத்து வளர்ப்பதில்லை. வடலி நிற்கும் நிலம் மனையாகிறது அல்லது உழவு இயந்திரத்தின் வழியில் சாய்கிறது. மிஞ்சும் சில வடலிகளில் அளவுக்கு மீறிக் குருத்து வெட்டினால் மரம் நலியும்.

பனை 1978இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் தாக்கல் செய்யப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்து, 76 லட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டத்தையும் முன்வைத்தது. அவை முளைத்து நின்றாலும் ஏறும் மரமாக வளர இந்தத் தலைமுறை முதிர்ந்துவிடும்.

தீப்பெட்டியும் வயர்கூடையும்

பெட்டி முடைந்த கைகள் சும்மா இருக்கவில்லை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவ்வழியில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுவதும் தீப்பெட்டித் தொழில் பரவியது. பெட்டி ஒட்டுதல், குச்சி அடுக்குதல் ஆகியவை வீட்டுக்கே வந்தன. பட்டை, தாள், பசை கொடுத்து ஒட்டிய பெட்டிகளுக்கு எண்ணிக் கூலி கொடுத்தார்கள். மழை பொய்த்த நிலத்தில் வாரக்கூலி பெரிய ஆறுதல். ஓலைப்பெட்டி ஒன்றை முடைந்து சந்தையில் விற்கும்வரை காத்திருப்பதைவிடத் தீப்பெட்டி நூறு ஒட்டுவது மேல் என்று பெண்கள் கணக்குப் பார்த்ததில் பிழை இல்லை. 'பெட்டி வேலை' என்ற சொல்லே அதன்பின் பொருள் மாறியது. கோவில்பட்டியில் பெட்டி என்றால் தீப்பெட்டி.

அந்த மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். தாயின் பக்கத்தில் அமர்ந்து ஓலை வார்ந்த சிறுமி ஒரு தலைமுறை கழித்துத் தொழிற்சாலை வண்டியில் அதிகாலையில் ஏற்றிச் செல்லப்பட்டாள். சிவகாசி வட்டாரக் குழந்தைத் தொழில் 1980களில் நாடறிந்த விவாதமானது. பழைய கைத்தொழிலைப் பொற்காலமாகக் காட்ட இந்த ஒப்பீடு உதவாது. ஓலை வார்ந்த சிறுமியும் பள்ளிக்குப் போகவில்லை.

பிளாஸ்டிக் வாளியும் அன்னக்கூடையும் வந்தபின் கடகம் போயிற்று. ஆனால் பின்னல் போகவில்லை. பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னுவது தமிழ்நாட்டுப் பெண்களிடையே வேகமாகப் பரவியது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் புதிய பெயர்கள் பிறந்தன. பொதி கட்டும் பிளாஸ்டிக் பட்டையில் முடைந்து சந்தையில் விற்கும் பெரிய கூடைகளைக் கூர்ந்து பார்த்தால் அடி சதுரம், வாய் வட்டம், சாய்வுச் சுவர் எல்லாம் ஓலைக்கடகத்தின் முறையே என்பது புலப்படும். பொருள் மாறிவிட்டது, கை மாறவில்லை. இதைச் சீரழிவு என்று சொல்பவர்கள் உண்டு. மரபு உயிரோடு இருப்பதன் அடையாளம் என்று கொள்வதே பொருந்தும். பருத்திமாரையும் புளிய மிலாறையும் கூடையாக்கிய நிலம் கையில் கிடைத்த பிளாஸ்டிக்கையும் கூடையாக்கியது.

பிற இடங்களில்

செட்டிநாட்டு வீடுகளில் நகரத்தார் பெண்கள் முடைந்து சீர்வரிசையில் வைத்த கொட்டான், மறையும் நிலையிலிருந்து மீட்கப்பட்டது. மா.ராம.ராம. பண்பாட்டு அறக்கட்டளை சார்பில் விசாலாட்சி ராமசாமி முதிய பெண்களிடமிருந்து பின்னல் வகைகளைத் திரட்டி, சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடும் பெற்றது. மணப்பாட்டில் பனையோலைக் கைவினை கூட்டுறவு முறையில் நடந்து வெளிநாடுகளுக்கும் சென்றது. யாழ்ப்பாணத்தில் கடகம், சுளகு, புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, பனங்கட்டி போடும் குட்டான் ஆகியவை இன்றும் புழங்கும் சொற்கள். இலங்கை அரசு 1978இல் பனை அபிவிருத்திச் சபையை அமைத்தது. போர்க்காலத்திலும் அதன் பின்னும் குடும்பத்தைத் தனியே தாங்க நேர்ந்த பெண்கள் பலருக்கு ஓலைவேலை ஒரு பிழைப்பாயிற்று.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தன. கருப்பட்டியைத் தாங்கிய பெட்டிக்குக் கரிசலில் அப்படி ஒன்று இல்லை. இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. செட்டிநாட்டுக் கொட்டான் சீர்ப்பொருள். அதற்குத் தனி அழகியல், அடையாளம் கண்டு சொல்லக்கூடிய சமூகம், எடுத்துப் பாதுகாத்த பழைய மாதிரிகள் இருந்தன. கரிசல் பெட்டி புழங்குபொருள். தேயும்வரை உழைத்தது, தேய்ந்ததும் அடுப்புக்குப் போனது. எந்த வீட்டுப் பெட்டகத்திலும் அது மிஞ்சவில்லை. உலகின் மிகப் பழைய முழுக்கூடைகளில் ஒன்று, ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முந்தையது, யூதப் பாலைவனத்தின் முராபாத் குகையில் கண்டெடுக்கப்பட்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. குகையின் வறட்சி அதைக் காத்தது. நனைந்து காய்ந்து பிளக்கும் கரிசல் மண்ணில் ஓலை சில மழைக்குக்கூடத் தாங்காது.

இன்றைய நிலை

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. அதன்பின் இனிப்புக் கடைகளிலும் திருமணத் தாம்பூலத்திலும் ஓலைக்கொட்டான் மீண்டும் தென்படத் தொடங்கியது. சிறிய மூடிப்பெட்டி, அர்ச்சனைத் தட்டு, கிலுகிலுப்பை, எழுதுகோல் வைக்கும் கூடு போன்றவற்றுக்கு நகரங்களில் வாங்குவோர் உண்டு. கடகத்துக்கும் நார்ப்பெட்டிக்கும் அப்படி இல்லை. அவற்றை முடைய அதிக வலிமையும் அதிக நேரமும் தேவை. இரும்புச் சட்டியும் பிளாஸ்டிக் கூடையும் அந்த வேலையை மலிவாகச் செய்துவிடுகின்றன. எனவே மீட்கப்படுவது பெட்டி மரபின் சிறு பகுதி மட்டுமே. பரிசுப் பொருளாக மாறக்கூடியவை பிழைக்கின்றன, பாரம் சுமந்தவை மறைகின்றன.

விலையும் சிக்கலானது. குருத்து வாங்கி, உலர்த்தி, வார்ந்து, முடைந்து முடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டால், ஊர்ச் சந்தையில் கேட்கும் விலை நூறுநாள் வேலையின் கூலிக்குக்கூட ஈடாவதில்லை. நகரக் கடையில் அதே கொட்டான் பல மடங்கு விலைக்குப் போகும். அந்த வித்தியாசம் முடைந்தவரிடம் வந்து சேர்வது அரிது. கிழக்குக் கரிசலில் இன்னும் பெட்டி முடையும் பெண்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். வேறு கூலி வேலைக்குப் போக இயலாத காரணத்தால் ஓலையைக் கையில் எடுத்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய மகள்களுக்குச் சாய்வுப் பின்னல் தெரியும். பிளாஸ்டிக் பட்டையில் முடைந்து கொடுப்பார்கள். குருத்தைப் பதம் பார்த்து வாரத் தெரிந்தவர்கள் அவர்களில் சிலரே.